கறிக்கு ஒரு கை

மார்த்தாண்டத்து டாக்டர் எழுதித் தந்த சீட்டில்
கடைசி வரி மீன் எண்ணெய்.
மருந்துக் கடையில் டப்பாவை எடுத்து வைத்தார்கள்.
மஞ்சளாய் முப்பது மாத்திரை, நானூற்றுப் பத்து ரூபாய்.
மூடி திறந்து மோந்து பார்த்தேன்.
தெரிந்த வாடைதான்.
காலையில் கடவத்தில் கசிந்து
சும்மாட்டை நனைத்து
என் காதோரம் வழிந்ததும் இதுதான்.

திரும்ப மாடி ஏறினேன்.
சாளை கொடுத்தால் போதாதா டாக்டர்?
எந்த ஊர் என்றார். குளச்சல்.
என்ன வேலை என்றார். சொன்னேன்.
சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கொடுங்க. வாரத்துல ரெண்டு நாள்.
சாளை, அயிலை, நெத்தோலி, சின்ன மீனே போதும்.
பெரிய சுறா வேண்டாம், பாதரசம் சேரும்."

பேச்சு வருமா?

"மூளைக்கு நல்லதுங்கிறாங்க.
சில பிள்ளைங்ககிட்ட வித்தியாசம் தெரியுது,
சிலர்கிட்ட ஒண்ணும் இல்ல.
வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்.
காது டெஸ்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க."

ரெபினுக்கு இரண்டே முக்கால் வயது.
எட்டாம் மாதத்தில் அவசரமாய் வந்தவன்,
அதன்பின் எதற்கும் அவசரப்படாதவன்.
அவன் அப்பா தூத்தூர்ப் படகில்
கொச்சிக்கும் அப்பால் சுறாவுக்குப் போயிருக்கிறார்.
போனில் சொன்னேன்.
"அப்போ நான் பிடிக்கது எம் பிள்ளைக்கு ஆகாதா?"
அப்புறம் காற்று மட்டும் கேட்டது.

மறுநாள் துறைமுகத்தில்
சாளை மலையாய்க் கிடந்தது.
புரட்டாசிச் சாளை, நெய் வைத்தது,
தொட்டால் விரல் நிற்காது.
தீவன மில் லாரி மூன்று நின்றன.
ஏலம் கூவும் முன்பே விலை முடிந்திருந்தது.
எந்த ஊர்க் கோழிக்கோ, எந்தக் குட்டை இறாலுக்கோ,
பிழிந்த எண்ணெய் எந்த டப்பாவுக்கோ,
எனக்குத் தெரியாது.
வியாபாரத்துக்கு இல்ல அண்ணே, கறிக்கு என்றேன்.
கறிக்கு என்று கேட்டவளை
எங்கள் கரையில் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.
பென்சிகர் இரு கை அள்ளிப் போட்டார்.
லாரிக்காரன் வேறு பக்கம் பார்த்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
கருங்கல் பக்கம் நாலு தெருவில்
பிள்ளைக்கு நல்லது, வாங்குங்கக்கா என்று
ஆறு வருடமாய்க் கூவுகிறேன்.
என் பிள்ளைக்குப் பாலும் பிஸ்கட்டும்.
கடவம் காலியானால்தான் எங்களுக்கு அரிசி.
மிஞ்சிய நாளிலும்
முள்ளுக்குப் பயந்தேன்.

மிளகாய் இல்லாமல், மஞ்சளும் புளியும் போட்டு வேகவைத்து
செல்போன் வெளிச்சத்தில் முள் எடுத்தேன்.
நடுமுள் ஒரே இழுப்பில் வந்துவிடும்.
பக்கத்து முள்கள் அப்படியல்ல,
கண்ணிமை முடி போல
சதையோடு சதையாய்ப் படுத்திருக்கும்.
மரச்சீனியோடு பிசைந்து உருண்டை பிடித்தேன்.

முதல் நாள் துப்பினான்.
அடுத்த முறை என் முகத்தில் துப்பினான்.
ஒரு நாள் மரச்சீனியை மட்டும் நக்கி எடுத்தான்.
எப்போது விழுங்கத் தொடங்கினான் என்று
நான் கவனிக்கவில்லை.
மீன் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம், மழை பிடித்த ஒரு இரவு
மெல்லுவதை நிறுத்தினான்.
வாய்க்குள் விரல் விட்டுத் தேடி
எதையோ எடுத்து
என் உள்ளங்கையில் ஒட்டினான்.

"முள்ளு."

முதலில் வந்தது சந்தோஷம் இல்லை.
எப்படி விட்டேன் இதை என்ற பயம்.
தட்டு முழுவதும் மறுபடி தடவிப் பார்த்தேன்.
அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

சாளையால் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.
மூன்று வாரத்தில் என்ன ஏறியிருக்கும்?
வர வேண்டிய நாளில் வந்ததாகவும் இருக்கலாம்.
வெள்ளிக்கிழமை காது டெஸ்ட் இருக்கிறது.
பஸ்ஸில் போக வேண்டும்.
சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்,
கையில் இன்னும் அந்த வாடை.
மடியில் இருந்து அவனும்
அந்தக் கையைத்தான் இழுக்கிறான்.